சிரட்டை நீரும் சிற்றுயிர் உரிமையும்

தனக்கே போதாத பொருளில் பிறர்க்குப் பங்கு உண்டோ? பழமையான இந்த அறக்கேள்வி, அந்தமானில் வாழும் நம்மவர் வாயிலில் ஆண்டுதோறும் சனவரி முதல் ஏப்ரல் வரை வந்து நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறும் தீவுகள் இவை. எனினும் அம்மழையின் பெரும்பகுதி சரிவான நிலத்தில் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. கோடை நீண்டால் தனிக்காரி அணையின் நீர்மட்டம் தாழும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் குழாய்நீர் முறைவைத்து வரும். குடத்தை எண்ணிச் செலவிடும் இல்லத்தில் தேனீக்கு நீர் வைத்தல் தகுமோ?

தேனீ நீரை நாடுவது தாகத்தால் மட்டுமன்று. கூட்டில் புழுக்கள் வளரும் பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பத்தில் இருத்தல் வேண்டும். வெம்மை மிகுமாயின் தேனீக்கள் நீரைக் கொணர்ந்து, அறைகளில் துளித்துளியாகப் பரப்பிச் சிறகால் விசிறும். நீர் ஆவியாகக் கூடு குளிரும். வடநாட்டு அலுவலகச் சன்னல்களில் முன்னாளில் தொங்கிய நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் நுட்பமும் இதுவே. அந்நீர் கிட்டாவிடில் கூட்டின் இளம் உயிர்கள் வாடும்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றுகிறோம். முல்லைக்கு வேண்டியது ஒரு கொழுகொம்பே. பாரியின் பெருமை தேரின் விலையில் இல்லை. வாய்திறந்து கேட்கவியலாத உயிரின் தேவையைத் தானே கண்டுகொண்டதில் இருக்கிறது. வள்ளுவரோ பகுத்துண்ணும் அறத்தை ஈகையில் கூறியதோடு அமையாது, கொல்லாமை அதிகாரத்திலும் வைத்தார். ஈயாமை சில வேளைகளில் கொலைக்கு அண்மையில் நிற்கும் என்பதே அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துவது எனலாம்.

“மனிதர்க்கே நீரில்லையே” என்பார் கூற்றில் நியாயம் உண்டு. ஆயின் தேனீ கேட்பது நம் குடத்தை அன்று. ஒரு சிரட்டை நீரையே. தேனீ மூழ்காதிருக்கச் சிரட்டையில் கூழாங்கற்களையோ தேங்காய் நாரையோ இட்டு நிழலில் வைத்தால் போதும். வண்ணத்துப்பூச்சியும் ஓணானும் சிறு பறவையும் அதில் பங்கு பெறும். நாள்தோறும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிப் புதுநீர் நிரப்புக. இன்றேல் கொசுவை வளர்த்தவராவோம். செடி பூத்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்த்தல் நீர் வைப்பதினும் பெரிய உதவியாகும்.

அருளுக்கு அறிவும் துணை வேண்டும். ஜப்பானியர் இத்தீவுகளை ஆண்ட 1942–1945 காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்றும் நம் காய்கறிப் பயிரைத் தின்று அழிக்கிறது. அதனைப் பெருகவிடுதல் கருணை ஆகாது. எவ்வுயிர் இம்மண்ணில் எப்பணி செய்கிறது என்றறிந்து காப்பதே கருணை.

சிறிய அந்தமானின் ஓங்கே மக்கள் ஒரு காட்டுச் செடியை மென்று, அதன் சாற்றின் மணத்தால் மலைத்தேனீக்களை விலகச் செய்து தேன் எடுப்பர், தீயிட்டுப் பொசுக்குவதில்லை. தேன் கொள்வோர் தேனீயை வாழவிடும் பண்பாடு இது. கடல் கடந்து வந்த நமக்கு இம்மண் இடந்தந்தது. இங்கே நமக்கு முன்பே குடியிருந்த சிற்றுயிர்க்கு ஒரு சிரட்டை நீர் வைத்தலைத் தானம் என்று பெருமை பேசவேண்டா. குடியிருப்போர் செலுத்த வேண்டிய எளிய வாடகை என்று கொள்வோமாக.