தூக்குவதும் ஏற்றுவதும்

'தடம் புரண்டவன்' என்று ஒருவனைச் சொல்லிவிடுவது சுலபம். குடிக்கிறவனைச் சொல்கிறோம், வேலையை விட்டவனைச் சொல்கிறோம், ஒரு காலத்தில் யாப்பை விட்டவனையும் சொன்னார்கள். சொல்லும்போதே ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது: தண்டவாளம் போய்ச் சேருகிற இடம் சரியான இடம், இவனைப் பிடித்து அதன்மேல் ஏற்றிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். உருவகங்களை அவை பிறந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது விமர்சகனின் வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். இந்த உருவகத்துக்கு ஜனங்கள் ஏறி இறங்கும் ரயில் உதவாது. அங்கே தடம் புரளல் என்றால் சாவு. அனுதாபம் முந்திக்கொண்டு கேள்வியை மறைத்துவிடும். ஜனங்களுக்காகப் போடாத ஒரு ரயில் வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடுவரை கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம்வே. பெயர்தான் டிராம்வே, மீட்டர்கேஜ் பாதையில் ஜெர்மன் எஞ்சின்கள் இழுத்த மர ரயில் அது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1907 முதல் 1963 வரை தேக்கும் ஈட்டியும் அதில் இறங்கின. நம் பக்கத்திலிருந்து போவதானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப், அப்புறம் பரம்பிக்குளம். மலையுச்சியிலிருந்து மரத்தைச் சரிவில் வழுக்கிவிட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். காடர்களின் மலைக்கு ஆங்கிலத்தில் ஒரு வேலைப்பெயர்.

டிராம்வே பாதையில் எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான சரிவுகள் இருந்தன. அங்கே கம்பிவடம் கட்டியிருந்தார்கள். மரம் ஏற்றிய பெட்டி கீழே இறங்கும். அதன் பாரமே காலிப் பெட்டியை மேலே இழுத்துவிடும். விழுந்த மரம் அடுத்த மரத்துக்கான வண்டியை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. இது என் கவித்துவம் அல்ல, அங்கே நடைமுறையில் இருந்த பொறியியல்.

மர ரயில்களில், எந்த நாட்டிலும், தடம் புரளல் வேலையின் ஒரு பகுதி. இலேசான தண்டவாளம், குறுகிய வளைவு, மழையில் இளகும் மண், நீளமான கட்டை. திரும்ப ஏற்றும் முறை எளியது, அவசரம்தான் கூடாது. முதலில் தடத்தில் நிற்கும் சக்கரங்களுக்கு அணை கொடுத்து வண்டி நகராமல் செய்ய வேண்டும். பாரத்தை இறக்குவதா, அப்படியே தூக்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் ஜாக்கியை வைக்க வேண்டும். வெறும் மண்ணில் வைத்தால் ஜாக்கி பூமிக்குள் போகுமே தவிர வண்டி எழும்பாது. ஒரு விரற்கடை எழும்பியதும் அடியில் கட்டை செருக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை தெரிந்தவன் கையை உள்ளே விடமாட்டான். இல்லாவிட்டால் சரிவான இரும்புத் துண்டுகளைத் தண்டவாளத்தோடு பொருத்திச் சக்கரத்தை அதன்மேல் இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுப்பது? கூடுமானவரை வந்த வழியே, பின்னோக்கி. முன்னால் இழுத்தால் பாதையும் பெயரும், அடுத்த பெட்டியும் விழும்.

சக்கரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரயிலைத் தடத்தில் வைத்திருப்பது சக்கரத்தின் விளிம்பு என்று நாம் நம்புகிறோம். நம் அகலப் பாதையில்கூட ஒரு புதுச் சக்கரத்தின் விளிம்பு மூன்று சென்டிமீட்டர் உயரம் இல்லை. நேர்ப்பாதையில் அது தண்டவாளத்தில் உரசுவதே அபூர்வம். சக்கரம் சற்றே கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது. வண்டி ஒருபக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் உருண்டு, வண்டி தானாகவே நடுவுக்குத் திரும்பும். விளிம்பு கடைசிக் காவல்தான். நம் நீதி நூல்களில் விளிம்பைப் பற்றி ஏராளமாக இருக்கிறது, இந்தச் சாய்வைப் பற்றி மிகக் குறைவு. நிற்க.

ஜாக்கி பிடித்த அந்த மனிதனைப் பற்றி என்ன சொல்வது? மரமும் அவனுடையதல்ல, ரயிலும் அவனுடையதல்ல. காடு போனதற்கு அவனைக் கூண்டில் ஏற்றுவது அற்பத்தனம். ஆனால் அவன் செய்தது நல்ல காரியம் என்று முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. ரயில் அதிகக் கேடு செய்தது தடத்தில் இருந்தபோதுதான். புரண்டு கிடந்த சில மணி நேரம் காட்டுக்கு ஓய்வு. இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். 'பெட்டிக்கு அடியில் ஒருத்தன் கால் மாட்டியிருந்தால் இப்படித் தத்துவம் பேசிக்கொண்டு நிற்பீர்களா?' என்றார். நிற்கமாட்டேன். ஆனால் அவருடைய கேள்விதான் எனக்கு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. காலை எடுக்க வண்டியைத் தூக்க வேண்டும். ஏற்ற வேண்டியதில்லை. தூக்குவது ஒரு செயல், ஏற்றுவது வேறு செயல். ஒரே ஜாக்கி இரண்டையும் செய்வதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது. தூக்குவதற்கு உரிய புண்ணியத்தை ஏற்றுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது. தூக்கி முடித்து இன்னும் ஏற்றாத அந்த இடைவெளியில்தான் 'இது எங்கே போகிறது' என்று கேட்க முடியும். வேலையில் தேர்ந்தவனின் பெருமையே அந்த இடைவெளியை முடிந்தவரை குறைப்பதில் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

நம் மரபில் இந்த இடைவெளியின் மிகப் பெரிய சித்திரம் குருக்ஷேத்திரத்தில் இருக்கிறது. இரண்டு சேனைகளுக்கு நடுவே தேர் நின்றுபோகிறது, வில் நழுவுகிறது. அர்ஜுனன் கேட்கத்தான் செய்கிறான். பதில் கிடைக்கத்தான் செய்கிறது, அதில் மகத்தானவையும் உண்டு. பதினெட்டு அத்தியாயம் முடிந்ததும் தேர் எந்தத் திசையைப் பார்த்து நின்றதோ அந்தத் திசையிலேயே புறப்படுகிறது. அவ்வளவு தூக்கியதும் ஏற்றுவதற்காகத்தான். காந்தி அதை அகத்தில் நடக்கும் போராகப் படித்தார். தேர் போன திசை அவரை உறுத்தியிராவிட்டால் அப்படிப் படிக்க வேண்டியே இருந்திருக்காது என்பது என் எண்ணம். காம்யுவின் ஸிஸிஃபஸையும் இங்கே இழுத்துவரச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஸிஸிஃபஸின் கல் யாருடைய சரக்கும் அல்ல. மர ரயிலில் அபத்தம் எதுவுமில்லை. அதற்கு அர்த்தம் இருந்தது, ரூபாயில்.

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அந்நியமான விஷயமல்ல. மாலையில் டேலி ஆகாவிட்டால் எத்தனை மணியானாலும் தேடுவோம். எங்கே இடித்ததோ அங்கே பின்னோக்கிப் போய், அந்த ஒரு பதிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வோம். கணக்கு நேரான சந்தோஷம் நிஜமானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். எந்தக் கடன் யாருக்கு எதற்காகப் போயிற்று என்பது அந்தச் சந்தோஷத்துக்குள் வராது. காட்டின் கணக்கும் அப்படித்தான். வெட்டிய மரம் வரவு. நிற்கும் மரத்துக்குப் பத்தி கிடையாது. ரயில் தடம் புரண்டால் ஏன் புரண்டது என்று விசாரிக்கலாம், அதற்கு முறை இருக்கிறது. ஏன் ஓடியது என்று விசாரிக்க முறை இல்லை. 1963இல் அந்த டிராம்வே நின்றதும் யாரோ மனம் மாறியதால் அல்ல. சாலையும் லாரியும் வந்தபின் கட்டுப்படியாகவில்லை.

திருத்தணியில் இருந்துகொண்டு இதைப் பழங்கதையாக எழுத எனக்கு முடியவில்லை. ஊரைத் தாண்டினால் நகரி, புத்தூர், திருப்பதி, பிறகு சேஷாசலக் காடு, செம்மரம். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊரும் அந்தப் பக்கம்தான் இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கான ஆந்திரப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்துக் கூலிக்காரர்கள். கடத்தலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. செம்மரம் இந்தக் கிழக்கு மலைகளில் மட்டும் தானாக வளர்வது, அதைக் காக்கச் சட்டம் வேண்டும். ஆனால் பிடிபட்ட மரம் என்ன ஆகிறது என்று பாருங்கள். கிடங்கில் அடுக்கி, தரம் பிரித்து, 2014 முதல் பல தவணைகளில் ஆந்திர அரசு அதை உலக ஏலத்தில் விற்றிருக்கிறது. கடத்தல்காரர்களும் அதே வெளிநாட்டுச் சந்தைக்குத்தான் அதை அனுப்பப் பார்த்தார்கள். புரண்ட மரத்தைத் தடத்தில் ஏற்றியாகிவிட்டது. வெட்டப் போனவர்கள் விஷயத்தில், தூக்குவது என்கிற முதல் வேலைகூட நடக்கவில்லை.

அவர்கள் ஏன் போனார்கள் என்று இங்கே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தடம் புரண்டவர்கள் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். எந்தத் தடம்? ஜவ்வாது மலையில் அதை யார் போட்டார்கள்?