விசுவாசத்தின் முதல் அடி

நாம் திருமுழுக்குப் பெற்ற நாள் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. அன்று நாம் தாயின் கைகளில் கிடந்தோம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நமக்காக வாக்களித்தனர். குரு நம் தலையில் நீர் வார்த்தார். பங்குப் பதிவேட்டில் நம் பெயர் ஏறியது. பின்னர்ப் புதுநன்மைக்கும் திருமணத்திற்கும் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். அதில் நாளும் ஆண்டும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. ஆயினும், "நீங்கள் விசுவசிக்கத் தொடங்கியது எப்போது?" என்று ஒருவர் கேட்டால், அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டி நாம் அமைதியடைய முடியுமா?

இக்கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. இளமையில் செபித்துப் பழகி, பின் பல ஆண்டுகள் விலகி நின்ற ஒருவர் மீண்டும் வர விழைகிறார். அல்லது கிறிஸ்துவை இதுவரை அறியாத ஒருவர் அவர்பால் ஈர்க்கப்படுகிறார். இருவர் உள்ளத்திலும் ஒரே தயக்கம் எழுகிறது. "உறுதி இல்லாதபோது முழந்தாளிடுவது போலித்தனம் ஆகாதா? முதலில் விசுவாசம் வரட்டும், பிறகு செபிக்கிறேன்" என்கின்றனர். இதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. பொய்க்கு அஞ்சும் நேர்மையான மனத்திலிருந்தும் இச்சொற்கள் பிறக்கலாம். எனவே இதற்கு நேர்மையான விடை காண முயல்வோம்.

மலைக்கு அப்பாலிருந்து வரும் நீர்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இதைச் சிந்திக்க நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மேற்கே கடலை நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பும் பணி 1887-இல் தொடங்கியது; 1895-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் தலைமையில் நடந்த அப்பணியில், கட்டியதை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர் பலரைப் பலிகொண்டன. பென்னிகுவிக்கின் பெயரைப் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கல் நாளிலும் நன்றியோடு சொல்கின்றனர். அவரோடு உழைத்து மடிந்த எளியவருள் பெரும்பாலோரின் பெயரைச் சொல்ல இன்று எவருமில்லை.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் அந்நீர் லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலத்தை இருபோக நிலமாக்கிவிட்டு, வைகையோடு கலந்து மதுரைச் சீமைக்கும் அப்பாலும் செல்கிறது. இன்று கூடலூரிலோ சின்னமனூரிலோ வயலில் நிற்கும் உழவர் அந்த அணையைக் கட்டியவர் அல்லர். சுரங்கத்தைக் குடைந்தவரும் அல்லர். அவருக்கு அந்நீர் கொடையாக வந்தது. ஆயினும் அணை கட்டியவர் வந்து அவருடைய மடையைத் திறப்பதில்லை. வாய்க்காலைத் தூர் வாருவதும், நாற்றங்கால் போடுவதும், வரப்பைச் சீர்செய்வதும் அவர் கடமை. மடை திறவாத வயல், நீர் நிறைந்த வாய்க்காலின் கரையிலேயே காய்ந்து கிடக்கும்.

நம் விசுவாசமும் இவ்வாறே நம்மிடம் வந்தது. 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். 1693-இல் அருளானந்தர் ஓரியூரில் குருதி சிந்தினார். இவர்களுடைய பெயர்களை நாம் அறிவோம். ஆனால் காட்டுவழியே ஊர் ஊராய் நடந்து செபங்களைச் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள் எத்தனை பேர்! பேரப்பிள்ளையின் சிறு கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையப் பழக்கிய பாட்டிமார் எத்தனை பேர்! அணையில் உழைத்தவர்களைப் போலவே அவர்களும் பெயர் அறியப்படாதவர்கள். அவர்கள் கொணர்ந்த நீர் நம் வயல் வரப்பு வரை வந்து நிற்கிறது. திருமுழுக்குச் சான்றிதழ் அதற்குச் சாட்சி. மடையை நாம் திறந்தோமா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மடையைத் திறப்பது நம் செயல் என்றால், விசுவாசத்தின் தொடக்கம் நம்முடைய சாதனையா? அன்று. 529-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இக்கேள்வியையே ஆராய்ந்தது. விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமன்று, அதன் தொடக்கமும், விசுவசிக்க வேண்டும் என்னும் ஆவலும்கூட இறைவனின் அருளே என்று அச்சங்கம் தெளிவுபடுத்தியது. நாம் மடைப்பலகையைத் தூக்குமுன்பே நீர் அதன்மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. 'செபிக்கலாமா?' என்னும் எண்ணம் நமக்குள் எழுவதே, இறைவன் நம்மை முன்னரே தேடி வந்துவிட்டார் என்பதன் அடையாளம். ஆயினும் அவர் மடையை உடைத்துக்கொண்டு புகுவதில்லை. நம் இசைவுக்காகக் காத்திருக்கிறார்.

உறுதி முன்னதா, அடி முன்னதா?

இனி, முதலில் எழுந்த தயக்கத்திற்கு வருவோம். உறுதி பிறக்குமுன் செபிப்பது போலித்தனமா?

திருச்சபை தன் வழிபாட்டிலேயே இதற்கு விடை வைத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயது வந்தோர் படிப்படியாகத் திருமுழுக்கிற்கு ஆயத்தமாகும் பழைய முறையை மீண்டும் நிறுவப் பணித்தது. அதற்கான சடங்குமுறை 1972-இல் வெளிவந்தது. அதில், வாயிலில் வந்து நிற்பவரிடம் அவர் திருச்சபையிடம் கேட்பது என்ன என்று வினவப்படுகிறது. விசுவாசத்தைக் கேட்பதாக அவர் விடையளிக்கிறார். இதை நாம் உற்றுநோக்க வேண்டும். முழு விசுவாசத்தோடு வந்து நிற்குமாறு திருச்சபை அவரிடம் கூறவில்லை. அதைக் கேட்பவராகவே அவரை வரவேற்கிறது. கேட்பதுதான் முதல் அடி.

மாற்கு நற்செய்தியில், பேய்பிடித்த மகனைக் கொணர்ந்த தந்தை ஒருவரைக் காண்கிறோம். தாம் விசுவசிப்பதையும், தம் விசுவாசம் போதாமையையும் ஒரே மூச்சில் கதறிச் சொல்கிறார் அவர். முழு விசுவாசம் வந்தபின் திரும்பி வருமாறு ஆண்டவர் அவரை அனுப்பிவிடவில்லை, மகனைக் குணமாக்கினார். பெத்சாயிதாவின் பார்வையற்றவரும் ஒரே தொடுதலில் தெளிவு பெறவில்லை. முதலில் மனிதர் அவருக்கு நடக்கும் மரங்களாய்த் தோன்றினர். இரண்டாம் முறை கைகளை வைத்தபின்பே எல்லாம் துலங்கின. மங்கலாய்க் கண்ட அந்த நேரத்தில் அவர் ஆண்டவரை விட்டு ஓடிவிடவில்லை.

பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் ஊர் ஒன்று இராயப்பன்பட்டி. அவ்வூர்ப் பெயரின் வரலாறு எதுவாயினும், அப்பெயரைக் கேட்கும்போது இராயப்பரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது நன்று. வலையை விட்டு எழுந்தபோது அவருக்கு ஆண்டவரைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவே. படகிலிருந்து இறங்கித் தண்ணீர்மேல் நடந்தார். காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கினார். அவரை மெசியா என்று அறிக்கையிட்ட வாயாலேயே அவரை அறியேன் என்று மறுதலித்தார். ஆயினும் விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நடந்தார். உறுதி வந்தபின் நடந்தவர் அல்லர் அவர். நடந்து நடந்து உறுதி பெற்றவர்.

ஆகவே போலித்தனம் எது, தொடக்கம் எது என்று வேறுபடுத்தி அறியவேண்டும். பிறர் காண்பதற்காக, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது போலித்தனம். இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதைப் பெறுவதற்காகக் கை நீட்டுவது தொடக்கம். நம்பாததை நம்புவதாக இறைவனிடம் சொன்னால் அது பொய்; நம்ப விரும்புகிறேன், என்னால் இயலவில்லை என்று சொன்னால் அது செபம். வெளிச்செயல் இரண்டிலும் ஒன்றுபோலவே தோன்றலாம். உள்ளே சொல்லப்படும் உண்மைதான் இரண்டையும் பிரிக்கிறது. ஐயத்தோடு கோவிலின் கடைசி வரிசையில் அமர்ந்து உண்மையைச் சொல்லும் ஒருவர், ஐயமே எழாமல் முதல் வரிசையில் பழக்கத்தால் அமர்ந்திருக்கும் நம்மைவிட முன்னே நடந்துகொண்டிருக்கக் கூடும்.

கவாத்துச் செய்யப்படும் கொடி

தொடங்கியது வளர்வது எப்படி? இதற்கும் பள்ளத்தாக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை உலகறியும். அக்கொடி பந்தலில் ஏறிப் படர்ந்தால் மட்டும் குலை தள்ளுவதில்லை. உரிய காலத்தில் கவாத்துச் செய்ய வேண்டும். வளமாகத் தோன்றும் கிளைகளையும் உழவர் நறுக்கிவிடுகிறார். வெட்டிய இடத்தில் கசியும் நீரைக் காண்போர், கொடி அழுகிறதோ என எண்ணுவர். அதன்பின் வரும் புதுத் துளிரிலேதான் பூவும் பிஞ்சும் தோன்றுகின்றன. கவாத்துச் செய்யாத கொடியில் இலை செழிக்கும், கனி குறையும்.

தம்மைத் திராட்சைக் கொடி என்றும், தந்தையை அதைப் பயிரிடுபவர் என்றும் ஆண்டவர் சொன்னபோது, கனி தரும் கிளையும் நறுக்கப்படும் என்பதை மறைக்கவில்லை. செபித்துப் பழகிய சில ஆண்டுகளில் தொடக்கத்து இனிமை மறைந்துவிடுவதை நம்மில் பலர் உணர்ந்திருக்கிறோம். நோய் வருகிறது, இழப்பு வருகிறது, கேட்டது கிடைப்பதில்லை. விசுவாசம் போய்விட்டது என்று அஞ்சுகிறோம். அது போகாமல் இருக்கலாம். இலை கழிந்து கனிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கலாம். எல்லாத் துன்பத்தையும் இறைவனே அனுப்புகிறார் என்று சொல்வது நம் நோக்கமன்று. துன்பத்தில் அடைந்திருக்கும் ஒருவரிடம் அவ்வாறு சொல்வது இரக்கமும் ஆகாது. கொடியோடு இணைந்து நிற்கும் கிளைக்கு வெட்டு முடிவன்று என்பதே நாம் சொல்லத் துணிவது.

கடைமடை வரை

வளர்ச்சிக்கு இன்னோர் உரைகல் உண்டு. பாசனம் அறிந்தவர்கள் தலைமடையைப் பார்த்து நீரின் நிறைவை மதிப்பிடுவதில்லை. கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்றே கேட்பர். தன் வயலில் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு அடுத்தவர் வாய்க்காலை அடைப்பவர் ஊரைக் கெடுக்கிறார். தம் பயிரையும் அழுகச் செய்கிறார்.

தொடக்கத் திருச்சபை இதை அறிந்திருந்தது. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் 'திருத்தூதர் மரபு' என்னும் நூல், திருமுழுக்கு நாடுவோர் மூன்றாண்டு போதனை கேட்க வேண்டும் என்கிறது. பின் அவர்களைச் சோதிக்கும்போது, எத்தனை செபம் மனப்பாடம் என்பதை அது முதன்மையாக வைக்கவில்லை. கைம்பெண்களை மதித்தார்களா, நோயுற்றோரைச் சந்தித்தார்களா, நற்செயல் புரிந்தார்களா என்று ஆராயச் சொல்கிறது. அவர்களை அழைத்து வந்தவர்கள் அதற்குச் சாட்சி கூறவேண்டும்.

நம் மண்ணில் இவ்வழி நடந்தவர் புனித தேவசகாயம். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, துன்பங்களால் கலங்கிய காலத்தில் டச்சுப் படைத்தலைவர் டிலனாயிடமிருந்து யோபுவின் வரலாற்றைக் கேட்டார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அது முதல் அடி மட்டுமே. சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகுவது அவர் விசுவாசத்தின் வளர்ச்சியாயிற்று. அதுவே பகையையும் வளர்த்தது. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் நடந்ததையும் நாம் மறைக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு எழுந்த ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் அமைந்தன. நடுவே தடுப்பு நின்றது. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர் சாதியால் பிரிந்து நின்றனர். 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. கல் தடுப்பு போய் நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் தமிழகத்தில் சில ஊர்களில் இறந்தோரைக்கூடத் தனித்தனிக் கல்லறைகளில் புதைக்கும் கொடுமை நம் காலத்திலும் தொடர்வதை அறிவோம். தலித் மக்களுக்கு எதிரான இப்பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை ஒப்புக்கொண்டு, இந்திய ஆயர் பேரவை 2016-இல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட நேர்ந்தது.

இத்தகைய இடங்களில் திருமுழுக்கு நடந்தது; செபமாலை நடந்தது; தேர்ப்பவனி நடந்தது. கடைமடைக்கு மட்டும் நீர் போகவில்லை. முதல் அடி வைத்து, இரண்டாம் அடி வைக்க மறுத்த விசுவாசம் இது. ஐயத்தால் தயங்கி வெளியே நிற்பவரைவிட, ஐயமே இன்றி உள்ளே இருந்துகொண்டு வாய்க்காலை அடைப்பவரைப் பற்றியே நாம் மிகுதியாக அஞ்சவேண்டும்.

தொடங்க விழைவோர்க்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. காலையில் எழுந்ததும், உள்ளதை உள்ளபடி சொல்லும் இரண்டு நிமிடச் செபம் போதும். நாளுக்குச் சில வரிகளாக மாற்கு நற்செய்தியைப் படிக்கலாம். ஞாயிறு திருப்பலியில், புரிந்த அளவு புரியட்டும் என்று உடனிருக்கலாம். அன்பியக் கூட்டத்தில் அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்கலாம். இவற்றோடு, நம் தெருவில் அல்லது தோட்டத்தில் நாம் இதுவரை ஒதுக்கி வைத்த ஒருவருடைய வீட்டிற்குச் சென்று அவரோடு அமர்ந்து உண்ணலாம். ஏற்கெனவே விசுவாசிகள் என்று பெயர் பெற்ற நாமும் இந்தக் கடைசிப் படியிலிருந்தே தொடங்க வேண்டியவர்களாய் இருக்கலாம். நீர் வரப்பு வரை வந்திருக்கிறது. மடையைத் திறப்போம், அடுத்த வயலுக்கும் வழிவிடுவோம்.