கொத்த வந்த சேவலும் கொடியான சேவலும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அடுக்குமாடியில் வாழும் அடியார் பலருக்கு, ஊர் வளவில் துரத்தித் துரத்திக் கொத்திய சேவலொன்று நினைவில் இருக்கும். "நாளைக்கு இது கறிச்சட்டிக்குத்தான்" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்வர். அது நீதியாகுமா?

சேவல் பெரும்பாலும் தன் பேடுகளைக் காக்கவே பாய்கிறது. தடியால் அடித்தால் போருக்கு அழைப்பதாக எண்ணி மீண்டும் வரும். அஞ்சி ஓடினால் வென்றதாக எண்ணும். ஓடாமலும் அடியாமலும் நிலைத்து நிற்பவரிடமே மெல்ல அடங்கும். குழந்தைகள் நடமாடும் முற்றமாயின் அதனை வேலியடைத்து வைப்பதே முறை.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் காட்டும் வழியும் இதற்கு அயலன்று. முருகப்பெருமான் முதலில் வீரவாகுதேவரைத் தூதனுப்பினார். சூரன் கேளாதபோதே போர் தொடுத்தார். மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தது. இரு கூறும் சேவலும் மயிலுமாகிச் சினந்து வந்தபோது பெருமான் அவற்றைக் கொல்லவில்லை, அருட்பார்வை செலுத்தினார். சேவல் கொடியாயிற்று, மயில் ஊர்தியாயிற்று.

ஆடிவேலில் காலி வீதி வழியே வரும் வேலை வணங்குவோரும், கந்தசஷ்டியிற் சூரன்போர் காண்போரும் இதனைச் சிந்தித்தல் நன்று. வீட்டில் எதிர்த்து நிற்கும் பிள்ளையின் வேகமும் இத்தகையதே. அடித்து நொறுக்கினால் அது பகையாகும். எல்லை வகுத்து, அன்போடு பொறுப்பொன்றை ஒப்படைத்தால், அதே வேகம் குடும்பத்தின் கொடியாய் உயரும்.