வேண்டுதலா... வியாபாரமா?

உங்கள் வீட்டு பால்கனியில் கோதுமைப்புல் வளர்க்கிறீர்களா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது, கோயிலுக்கு ஏதாவது நேர்ந்துகொண்டிருப்பீர்கள்தானே? அப்படியானால் இந்தக் கேள்வி உங்களுக்கும்தான். நாம் செய்வது வேண்டுதலா, வியாபாரமா?

போன வருடம் என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை ஆரம்பித்த வாரமே ஆளாளுக்கு ஒரு யோசனை. அதிகம் பேர் சொன்னது, கோதுமைப்புல் சாறு. நம் கையால் எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு எனக்கு. தட்டுகள் வாங்கினேன். நாளுக்கு ஒரு தட்டாக விதைத்தால், பிறகு தினம் ஒரு தட்டு அறுவடைக்கு வரும் என்பது கணக்கு.

முழுக் கோதுமையை ராத்திரி ஊறவைத்துத் துணியில் கட்ட வேண்டும். முளை விட்டதும், மண்ணும் எருவும் கலந்த தட்டில் பரப்பி ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு வெளிச்சம் படும் இடத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால், எட்டு, பத்து நாளில் அரை அடி உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும்.

மூன்றாவது தட்டில், வேர்ப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ‘சாமி ஏதோ கெட்ட சகுனம் காட்டுகிறதோ?’ என்று பயந்தேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது, பூஞ்சணம் பற்றி அவரிடமும் சொன்னேன். ‘‘எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் நேரம் இது. பச்சையாக அரைத்த சாறு எதுவும் கொடுக்காதீர்கள். இந்தப் புல் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணமும் இல்லை’’ என்றார் கண்டிப்பாக.

அன்று மாலையே தட்டுகளைக் குப்பையில் கொட்டப் போனேன். அத்தனை நாள் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட புல்லின் மீது அவ்வளவு கோபம்!

‘‘ஏன்டீ, குடிக்கக் கூடாதுன்னா வளர்க்கவும் கூடாதா? எங்க ஊர்ல முளைப்பாரி போடுவோமே... அதை யாரு தின்னோம்?’’ என்றாள் அம்மா.

அம்மா பிறந்தது விருதுநகர் பக்கம். அங்கே அம்மன் கோயில் பொங்கலுக்குப் பெண்கள் விரதமிருந்து முளைப்பாரி வளர்ப்பார்கள். வெயில் படாத இருட்டறையில் வளர்வதால், பயிர் வெளிர் மஞ்சளாக இருக்கும். ராத்திரிகளில் கும்மி கொட்டிப் பாடுவார்கள். கடைசி நாள், தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

திருமலையில் பிரம்மோற்சவத்துக்கு முதல் நாள் நடக்கும் அங்குரார்ப்பணத்திலும் நவதானியங்களை விதைக்கிறார்கள். வடமாநிலங்களில் நவராத்திரி தொடங்கும்போது வீட்டுக்குள் பார்லி விதைத்து, முடிவில் ஆற்றில் விடுவார்கள். ஈரானில்கூட, நவ்ரூஸ் புத்தாண்டுக்குக் கோதுமையை முளைக்கவைத்து வீட்டை அலங்கரித்து, 13-ம் நாள் ஓடும் நீரில் விட்டுவிடுவது வழக்கம். இந்தப் பயிர்களை யாரும் விளைச்சலுக்காக வளர்ப்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

‘அப்படியானால், சாமியிடம் எதுவும் கேட்கவே கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். ஏன் கூடாது? முளைப்பாரி சுமக்கும் பெண்களும் மழை கேட்கிறார்கள், பிள்ளை வரம் கேட்கிறார்கள், தாலி பாக்கியம் கேட்கிறார்கள். பெற்ற தாயிடம் பிள்ளை கேட்பது வியாபாரம் ஆகிவிடுமா? கேட்டதை வாங்குவதற்கு நம் உழைப்பை விலையாக வைக்கும்போதுதான் அது வியாபாரம் ஆகிறது. ‘நான் இவ்வளவு செய்தேனே, நீ என்ன செய்தாய்?’ என்று சாமியிடமே கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம்.

என் தட்டுகளில் வளர்ந்தது அந்தக் கணக்குதான். தினமும் ஒரு டம்ளர் சாறு, பதிலுக்கு அம்மாவின் ஆயுள்! அதனால்தான் பூஞ்சணத்தைப் பார்த்ததும் பயந்தேன். பலன் இல்லை என்றதும் கொட்டக் கிளம்பினேன்.

‘‘வெதையை நெருக்கிப் போட்டு, தண்ணியையும் ஊத்துனா காத்து எங்கே போகும்? அதுக்குப் போயி சாமியை இழுக்கிறியே!’’ என்று அம்மா சிரித்தாள்.

பூஞ்சணம் பிடித்த தட்டை மட்டும் கொட்டினேன். மற்ற தட்டுகளுக்கு அம்மாவே தண்ணீர் தெளித்தாள். வளர்ந்த புல்லை அறுத்து, எங்கள் பகுதிக் கோயில் பசுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்குச் சிகிச்சை இன்னும் தொடர்கிறது. முடிவு எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆனாலும், வாரம் ஒரு தட்டு விதைக்கிறோம்.

நீங்களும் செய்து பாருங்களேன். கோதுமைப்புல்லோ, வெள்ளிக்கிழமை விளக்கோ, பிரதோஷ விரதமோ... எதுவானாலும் சரி. ‘நான் கேட்டது கிடைக்காது என்று நாளைக்கே தெரிந்துவிட்டால், நாளை மறுநாளும் இதைச் செய்வேனா?’ என்று மனதைக் கேளுங்கள். ‘செய்வேன்’ என்று பதில் வந்தால், அது வேண்டுதல்!