நூற்றுக்கு ஐந்து

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அண்ணன் காலமாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற கோடையில்தான் அந்த வளைவுகளை நான் மறுபடி கடந்தேன். இத்தனை நாள் போகாததற்கு ஊராரிடம் பல காரணங்கள் சொல்லி வந்தேன். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வீடு அப்படியே இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். உள்ளே கம்ப்யூட்டரின் முன்னால் அண்ணனின் பேரன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் கத்தினான்.

"அநியாயம்! பச்சை அநியாயம்!"

"என்னடா அது?"

"நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று காட்டியது, சின்னத் தாத்தா. எதிரி பக்கத்திலேயே நிற்கிறான். சுட்டால் குறி தவறிவிட்டது. இது ஏமாற்றுகிறது!"

அவன் ஆடியது 2012-ல் வந்த எக்ஸ்காம் என்ற ஆட்டம். சதுரங்கம் போலவே ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்த வேண்டும். ஆனால் சதுரங்கத்தில் குதிரை போய் யானையை வெட்டினால் யானை விழுந்தே தீரும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுடுதலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாயக்கட்டை உருள்கிறது. உருளுவதற்கு முன், வெற்றிக்கு வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று திரை சொல்லிவிடும்.

பையன் விடவில்லை. சேமித்து வைத்திருந்த இடத்துக்கு ஆட்டத்தைத் திருப்பி, அதே வீரனை அதே இடத்தில் நிறுத்தி, மறுபடி சுட்டான். மறுபடியும் தவறியது. அந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. விழப்போகும் எண்ணின் வித்து ஆட்டத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. திரும்பிப் போய் அதையே செய்தால் அதேதான் விளையும். சென்ற காலத்துக்கு மனத்தால் திரும்பித் திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. எனக்கும் அல்ல.

ஒரு காகிதத்தை எடுத்து அவனோடு உட்கார்ந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றால் இருபதில் ஒன்று தவறும் என்று பொருள். அப்படி இருபது தடவை சுட்டால் ஒன்றுகூடத் தவறாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பையனே பெருக்கிப் பார்த்தான். நூற்றுக்கு ஏறத்தாழ 36. அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான ஆட்டங்களில் ஒரு தடவையாவது குறி தவறும். தவறாமலே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

"கணக்கு சரிதான். ஆனால் மனசு ஒப்பவில்லையே, தாத்தா" என்றான்.

அந்த மனத்தைப் பற்றி இத்தகைய ஆட்டங்களைப் படைத்தவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். சிவிலிசேஷன் ஆட்டத்தைப் படைத்த சிட் மையர், 2010-ல் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருந்தும் நாலில் ஒரு முறை தோற்றுவிட்டால், ஆடுகிறவர்கள் ஆட்டமே பழுது என்றார்களாம். ஆனால் அதே மூன்றுக்கு ஒன்றில் எதிர்ப்பக்கம் நின்று அவர்களே வென்றபோது யாரும் முறையிடவில்லை! கடைசியில் அவர் ஆடுகிறவர்களின் மனத்துக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்திவிட்டார். ஜப்பானியரின் ஃபயர் எம்ப்ளம் வரிசையில், 2002 முதல் வந்த பல ஆட்டங்களில், ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அதனால் திரையில் 90 என்று காட்டுவது உண்மையில் 98-ஐ ஒட்டி நிற்கும். 10 என்று காட்டுவது 2 ஆகச் சுருங்கிவிடும். பெரியதை நிச்சயம் என்றும் சிறியதை இல்லை என்றும் மனிதர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் அல்லவா? அந்தக் காதுக்கு ஏற்றபடி உலகத்தையே வளைத்துவிட்டார்கள்.

இது கருணையா, பொய்யா? அந்தக் கேள்வியில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று ஆனபோது, டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்: "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நல்லபடியாக எழுந்துவிடுகிறார்கள்." செய்துகொள்ளாவிட்டால் நாள் அதிகம் இல்லை என்றும் சொன்னார். அண்ணன் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். "ஒன்றும் ஆகாது அண்ணா, பயப்படாதீர்கள்" என்றேன். அண்ணன் அந்த ஐவரில் ஒருவராகிவிட்டார்.

விளைவைக் கொண்டே செயலை எடை போடுவது உலக வழக்கம். குறி தப்பினால் முடிவே தப்பு என்கிறோம். தப்பாவிட்டால் மூடத் துணிச்சலையும் புத்திசாலித்தனம் என்கிறோம். இந்த வழக்கப்படி நான் குற்றவாளி. ஆனால் அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் என் யோசனையில் பிழை இல்லை. நாளை இன்னொருவர் கேட்டாலும் அதையே சொல்வேன். பிழை வேறிடத்தில் இருக்கிறது. டாக்டர் தொண்ணூற்றைந்து என்றார். நான் அதை நூறு என்று அண்ணனிடம் கொடுத்தேன். ஐந்தை ஒளித்தேன். அந்த ஐந்து அண்ணனுடைய சொத்து. அதைத் தெரிந்துகொண்டு அவர் செய்ய வேண்டியவை, சொல்ல வேண்டியவை இருந்திருக்குமே! அவற்றை நான் பறித்துவிட்டேன் என்பதுதான் இரண்டு ஆண்டுகளாக என்னை உறுத்தியது.

நளன் கதையில் ஓர் இடம் உண்டு. சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேர் ஓட்டிப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தின் காய்கள் இத்தனை என்று அரசன் பார்வையாலேயே மதிப்பிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அந்த எண்ணின் வித்தையையும் சூதின் மறைபொருளையும் அவனிடமிருந்து கற்றுக்கொண்ட கணத்தில், நளனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறான். பழங்காலத்தில் தான்றிக்காயையே சூதாடு காயாக உருட்டினார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால் இந்தக் கதையின் நுட்பம் விளங்கும். கலியை ஓட்டியது அதிர்ஷ்டம் அல்ல. கணக்கை உள்ளபடி அறிந்ததுதான்.

இரவு, மின்சாரம் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணியும் பேரனும் தரையில் கட்டம் வரைந்து தாயம் ஆடினார்கள். இரண்டு கட்டைகளை உருட்டி ஒன்று விழ வாய்ப்பு எட்டில் ஒன்று என்று பையன் புதுப் பண்டிதனாகப் பாட்டிக்கு விளக்கினான். அவன் தூங்கப் போனதும் நான் என் மனத்தில் இருந்ததை எல்லாம் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணி கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, மார்ச், ஏப்ரலில் மழை விழுமா, காப்பி பூக்குமா என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷர் அவர். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த ஐந்து அவருக்குத் தெரியாதா? புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தச் செடியை எப்போது கவாத்து செய்ய வேண்டும் எல்லாம் எனக்குச் சொன்னார். 'தம்பியிடம் சொல்லாதே. அவன் தைரியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்' என்றார்."

நான் அவரிடம் ஒளித்தேன். அவர் என்னிடம் ஒளித்தார். இருவரும் அன்பினாலேயே செய்தோம். ஆனால் அவர் தமக்கு உரிய கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டு ஒளித்தார். நான் பார்க்க அஞ்சி ஒளித்தேன். இரண்டும் ஒன்றல்ல. அந்தக் கடைசி ராத்திரியில் அவரோடு உட்கார்ந்து அந்த ஐந்தைப் பற்றிப் பேசும் பேற்றை என் பொய் எனக்கே இல்லாமல் செய்துவிட்டது.

மறுநாள் காலையில் பையன் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் எண் காட்டியது. இந்த முறை அவன் உடனே சுடவில்லை. இன்னொரு வீரனை முதலில் பின்னால் கொண்டு நிறுத்தினான்.

"இது எதற்கு?" என்றேன்.

"தவறிவிட்டால், தாத்தா" என்றான்.