பன்னிருவரில் ஒருவர் விழுந்தபோது

(திருத்தூதர் மத்தியா விழா, மே 14)



ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒரு படம் அனுப்பியிருப்பார்கள். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல் தூண்கள். சில 45 மீட்டர் வரை உயரம். விக்டோரியா மாநிலத்தில் போர்ட் கேம்பல் அருகே இருக்கும் அவற்றுக்குப் 'பன்னிரு திருத்தூதர்' என்று பெயர். பார்க்கப் போகிறவர்கள் முதல் வேலையாக எண்ணுவார்கள். பன்னிரண்டு வராது. அங்கே பன்னிரண்டு என்றைக்குமே இருந்ததில்லை! முன்பு 'தாய்ப்பன்றியும் குட்டிகளும்' என்றுதான் சொல்லிவந்தார்கள். பன்றிக்குட்டியைப் பார்க்க யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? பயணிகளுக்காகப் பெயரை மாற்றிவிட்டார்கள். ஒன்பது நின்றது. 2005 ஜூலை 3 அன்று அதில் ஒன்று சில நொடிகளில் சரிந்து கற்குவியலானது.

இன்றைய முதல் வாசகத்திலும் ஒருவர் விழுந்துவிட்டார். யூதாசின் இடம் காலி. ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருக்க, பேதுரு எழுகிறார். நடந்ததை மூடி மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் சொல்கிறார். அதன்பின் மாற்று ஆள் தேடுகிறார்கள். எங்கே தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். யோவான் திருமுழுக்குக் கொடுத்த நாள் தொடங்கி ஆண்டவரின் விண்ணேற்றம் வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்கிறார் பேதுரு. அப்படியானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியா தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பெயர் ஒரு முறைகூட வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடற்கரைத் தூண்களும் கடலிலிருந்து எழுந்தவை அல்ல. கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அலை இருபக்கமும் குடைகிறது. முதலில் குகை, இரு குகைகள் சேர்ந்தால் வளைவு, வளைவின் மேற்பகுதி இடிந்தால் கடைசியில் நிற்பது தூண். 1990 ஜனவரியில் அதே கரையில் 'லண்டன் பாலம்' என்ற பாறை வளைவு கரைப்பக்கம் இடிந்து விழுந்தது. மறுபுறம் நின்ற இருவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. அந்தக் கணம் வரை கரையாக இருந்த பாறை, அதன்பின் கடல் நடுவே தனியாக நின்றது. இன்றும் அலை குடைந்துகொண்டே இருக்கிறது. நிற்கிற தூண்கள் விழும். முனையிலிருந்து வேறு தூண்கள் பிரியும். கரை தன்னில் ஒரு பகுதியை இழக்காமல் தூண் பிறப்பதில்லை.

தன் மகனைக் குருமடத்துக்கு அனுப்பிய தாய்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மகளைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு, பேருந்தில் பேசாமல் திரும்பி வந்த தகப்பனுக்கும் தெரியும். மற்றவர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? எண்ணுகிறோம். பாடகர் குழுவில் எத்தனை பேர் குறைந்தார்கள், அன்பியக் கூட்டத்துக்கு யார் வருவதில்லை, எந்த ஊரில் எந்தக் குரு விலகிப்போனார். இந்தக் கணக்கில் நமக்கு இருக்கிற தேர்ச்சி வேறு எதிலும் இல்லை. "ஆள் வேண்டுமே" என்கிறோம். நம் வீட்டுப் பக்கம் அலை அடித்தால் மட்டும் சுவர் எழுப்புகிறோம்.

பாறையிடம் கடல் சம்மதம் கேட்பதில்லை. ஆண்டவர் கேட்கிறார். இன்றைய நற்செய்தியில் தம் சீடரை ஊழியர் என்று அல்ல, நண்பர் என்று அழைக்கிறாரே, நண்பரை யாரும் இழுத்துக்கொண்டு போவதில்லை.

அன்று முன்நிறுத்தப்பட்டவர் இரண்டு பேர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. பர்சபா எனப்பட்ட யோசேப்புக்கு விழவில்லை. அவரைப் பற்றி மறைநூல் அதன்பிறகு ஒன்றும் சொல்வதில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறினார் என்றும் இல்லை. சில நாட்களில் தூய ஆவியார் இறங்கி வந்தபோது அவரும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

நம் மறைக்கல்வி ஆறாம் வகுப்புக்கு இன்னும் ஆசிரியர் கிடைக்கவில்லை. திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்தில்தான் இருப்பேன்.