பாடுபட்ட சுரூபமும் வெற்றுச் சிலுவையும்

கிறித்தவ அன்பர்களின் இல்லங்களில் நாம் காணும் சிலுவைகள் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் அறையுண்டவரின் உருவம் உண்டு. அதனைக் கத்தோலிக்கர் ‘பாடுபட்ட சுரூபம்’ என்பர். சிலவற்றில் உருவமே இல்லை. இவ்வேற்றுமையின் பொருள் யாது?

சோளக்காடு அமைந்துள்ள கொல்லிமலையில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியர் பாப்டிஸ்ட் மரபினர். வெற்றுச் சிலுவையே அம்மரபினர்க்கு உகந்தது. இயேசு உயிர்த்தெழுந்தார், ஆதலின் சிலுவை வெறுமையாயிற்று என்பர். உருவ வழிபாடு புகுந்துவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

அவ்வாறாயின் கத்தோலிக்கர் உயிர்த்தெழுதலை மறந்தனரோ? இல்லை, உயிர்ப்புப் பெருவிழாவே அவர்தம் தலையாய திருநாள். கல்வாரியில் நிகழ்ந்த பலியே திருப்பலியில் முன்னிலையாகிறது என்பது அவர்கள் கொள்கை. அதனாலேயே பலிபீடத்தின் மீதோ அருகிலோ உருவமுள்ள சிலுவை இருத்தல் வேண்டுமென வழிபாட்டு விதி வகுத்துள்ளனர். வெற்றுச் சிலுவையும் அவர்க்கு அயலானதன்று. சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையில் உருவம் இல்லை; அதனையும் அவர்கள் போற்றி வருகின்றனர்.

ஈஸா நபி (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது திருமறையின் தீர்ப்பு (4:157). உருவ வணக்கமும் நமக்கு விலக்கப்பட்டது. எனினும், பிறர் கொள்கையை ஏற்காதிருப்பது வேறு. அதனைத் திரித்துரைப்பது வேறு. ‘இறந்த உடலைத் தொழுகின்றனர்’ என இகழ்வது நீதியன்று. அன்பின் பொருட்டு ஏற்ற துன்பம் மறக்கப்படலாகாது என்பதே அவர்தம் கருத்து.

துன்பத்தைக் கண்முன் நிறுத்துவதால் பயன் உண்டா? ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் கொல்லிமலையிலேயே காய்ச்சலுக்கு இரையானார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. வலி உணரப்படாமையால் காயங்கள் கவனிப்பாரற்றுப் பெருகியே அவை அழிகின்றன என அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். வலி ஒரு காவலன் என்பது அவர் கண்ட உண்மை.

சமுதாயத்துக்கும் இது பொருந்தும். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும்; இறைநம்பிக்கையாளர் அத்தகையோர் என்றன்றோ பெருமானார் (ஸல்) அவர்கள் உவமித்தார்கள்!

ஆனால், நாள்தோறும் காணும் துன்பம் கண்ணுக்குப் பழகியும் போகும். சுவரில் உருவம் இருப்பினும் இல்லாதிருப்பினும், அடுத்த வீட்டாரின் பசி நம் உறக்கத்தைக் கலைக்கவில்லையெனில், மரத்துப்போன உறுப்பாகவே நாம் வாழ்கிறோம்.